கடைசி வாரத்துக்கு இடமில்லாத பாடத்திட்டம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பருவமோ ஓராண்டோ படித்துவிட்டு ஊர் திரும்பும் பரிமாற்ற மாணவருக்குக் கடைசி நாட்களில் வேலைக்குக் குறைவிருக்காது. விடுதி அறையைத் துடைத்துச் சாவியை ஒப்படைத்து முன்பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும். ஜெர்மனியாக இருந்தால் நகராட்சி அலுவலகத்தில் முகவரிப் பதிவை நீக்க வேண்டும். வங்கிக் கணக்கை மூட வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தங்கிப் படித்தார் என்ற சான்றிதழில் கையெழுத்து வாங்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் சொந்தக் கல்லூரிக்குப் போய்ச் சேர வழி செய்ய வேண்டும். ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டத்தில் போனவர் என்றால் இணையத்தில் நிறைவு அறிக்கை ஒன்றையும் நிரப்பியாக வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் உண்டு, ஓர் அலுவலர் உண்டு, ஒரு கெடு உண்டு. அத்தனை மாதம் ஒரே அடுப்பில் சமைத்து ஒரே மேஜையில் சாப்பிட்டவர்களை விட்டுப் பிரிவதற்கு மட்டும் எந்த ஏற்பாடும் கிடையாது. அது அவரவர் சொந்த விஷயம் என்று விடப்பட்டிருக்கிறது. அப்படி விட்டது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். பரிமாற்றத் திட்டங்கள் எந்த நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டனவோ, அந்த நோக்கத்தில் பெரும்பங்கு கடைசி வாரங்கள் எப்படிக் கழிகின்றன என்பதைப் பொறுத்திருக்கிறது.

இன்று மாணவர் பரிமாற்றம் என்றதும் மொழித்திறன், வேலைவாய்ப்பு என்றே பேச்சு ஓடுகிறது. தொடங்கியவர்கள் பேசியது வேறு. முதல் உலகப் போரில் பிரான்சின் போர்முனைகளில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்புதான் ஏ.எஃப்.எஸ். இரண்டு போர்களைப் பார்த்துவிட்ட அந்த ஓட்டுநர்கள், பிணக்குகளைத் தடுக்க இளையவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்து, 1947-இல் 10 நாடுகளின் 52 மாணவர்களை அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க அரசின் கல்விப் பரிமாற்றத் திட்டத்துக்கு வழிவகுத்த ஃபுல்பிரைட் சட்டம் நிறைவேறியது. இந்தியா அதில் 1950-இல் சேர்ந்தது. 1963 ஜனவரியில் பிரான்சின் டி கோலும் மேற்கு ஜெர்மனியின் அடினாவரும் எலிசே நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கையோடு, பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் அதே ஆண்டில் உருவானது. 1987-இல் 11 நாடுகளுக்கிடையே 3,244 மாணவர்களோடு தொடங்கிய எராஸ்மஸில் இதுவரை ஒன்றரைக் கோடிக்கும் அதிகமானவர்கள் போய்வந்திருக்கிறார்கள். எராஸ்மஸின் தாய் என்று போற்றப்படும் இத்தாலியக் கல்வியாளர் சோஃபியா கொராதி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முதுகலை முடித்து ரோமுக்குத் திரும்பியபோது, அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொந்தப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. அந்த அவமதிப்பிலிருந்து பிறந்த பல்லாண்டுப் போராட்டத்தின் பலனாக, வெளிநாட்டில் பெறும் மதிப்பெண்களுக்கு இன்று அங்கீகாரம் இருக்கிறது. மதிப்பெண்ணோடு சேர்ந்து கிடைத்த நட்புக்கு அப்படி ஓர் இடத்தை எந்தத் திட்டமும் இன்னும் தரவில்லை.

இந்த நட்புகள் மிக வேகமாக இறுகுவதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நண்பராவதற்கு 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று கணித்தது. வேலைக்குப் போகும் ஒருவர் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் 200 மணி நேரத்தைத் தொட இரண்டு ஆண்டுகள் ஆகும். விடுதியின் பொதுச் சமையலறையில் நாளுக்கு மூன்று மணி நேரம் கழிக்கும் மாணவர்கள் பத்தே வாரத்தில் அதைக் கடந்துவிடுகிறார்கள். இதோடு கெடுவின் வேலையும் சேர்ந்துகொள்கிறது. காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் புது அறிமுகங்களைக் குறைத்துக்கொண்டு, மனதுக்கு நெருக்கமானவர்களிடம் ஒதுங்குகிறார்கள் என்பது உளவியலாளர் லாரா கார்ஸ்டன்சனின் நீண்டகால ஆய்வுகளின் சாரம். முதியோரிடம் முதலில் கண்ட இந்தப் போக்கை, 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களில் அங்கிருந்த இளைஞர்களிடமும் அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்டார்கள். ஒரு காலகட்டம் முடியப்போகிறது என்ற உணர்வுக்கு வயது வித்தியாசம் இல்லை. விமானச் சீட்டில் திரும்பும் தேதியோடு வந்திறங்கும் மாணவர் அந்த உணர்வை முதல் நாளிலிருந்தே சுமக்கிறார்.

கெடு உண்டாக்கிய நெருக்கம் போலியானது, திரும்பிய பிறகு நிற்காது என்று சிலர் சொல்வார்கள். நிற்பதில்லை என்பதில் பெருமளவு உண்மை இருக்கிறது; போலி என்பதில் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததும், வீட்டு உரிமையாளரின் கடிதத்தை உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொன்னதும் நடந்தவை. பின்னால் தொடர்பு விட்டுப்போவதால் அவை நடக்காமல் போய்விடாது. ஒரு நட்பு எத்தனை ஆண்டு நீடித்தது என்பதை மட்டும் அளவுகோலாகப் பிடித்துக்கொண்டதுதான் இங்கே சிக்கல். அந்த அளவுகோலால்தான் மாணவர்கள் கடைசி நாளில் காப்பாற்ற முடியாத வாக்குறுதிகளைக் கொடுக்கிறார்கள். ஓராண்டு கழித்து அவற்றைக் காப்பாற்றாத குற்றவுணர்ச்சியில் நண்பரின் பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூடப் பதில் போடத் தயங்குகிறார்கள். விதிவிலக்குகள் உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2014-இல் வெளியிட்ட எராஸ்மஸ் தாக்க ஆய்வில், முன்னாள் மாணவர்களில் 27 விழுக்காட்டினர் தங்கள் நீண்டகாலத் துணையை வெளிநாட்டில் தங்கியிருந்தபோதுதான் சந்தித்ததாகச் சொன்னார்கள். என் வாதம் மற்றவர்களைப் பற்றியது. அவர்களுக்கு நட்பைத் தொடர்வதைவிட அதை நல்லபடியாக முடிப்பதே நடக்கக்கூடிய காரியம்.

அறிஞர்களிடமிருந்து வரும் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பரிமாற்ற மாணவர்கள் உள்ளூர்க்காரர்களோடு பழகுவதே இல்லை, தங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களோடு ஒரு குமிழிக்குள் வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள், அதில் என்ன நாடுகளுக்கிடையிலான நட்பு என்பது அது. ஸ்டீஃபன் பாக்னரும் சக ஆய்வாளர்களும் ஹவாயில் ஆராய்ந்து 1977-இல் எழுதியபோதே, வெளிநாட்டு மாணவர்களின் நெருங்கிய நட்பு பெரும்பாலும் சொந்த நாட்டவரோடுதான் என்றும், உள்ளூர்க்காரர்களோடான பழக்கம் படிப்பு, மொழி உதவி என்ற அளவில் நின்றுவிடுகிறது என்றும் கண்டார்கள். இமானுவேல் சிகாலஸ் 2010-இல் எராஸ்மஸ் மாணவர்களை ஆராய்ந்து ஏறத்தாழ இதே ஏமாற்றத்தைப் பதிவு செய்தார். ஏற்கெனவே ஐரோப்பிய மனநிலை கொண்ட பல்கலைக்கழக மாணவர்களை அனுப்புவதால் திட்டம் இலக்கைத் தவறவிடுகிறது என்று தெரேசா கூன் வாதிட்டார். கிறிஸ்டின் மிட்சலின் ஆய்வு வேறு முடிவைத் தந்தது: போய்வந்தவர்களிடம் ஐரோப்பியர் என்ற உணர்வு கூடத்தான் செய்கிறது. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் குமிழி என்று சொல்லப்படுவதற்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு போலந்துக்காரர், ஒரு துருக்கிக்காரர், ஒரு பிரேசில்காரர், ஒரு கொரியர் என்று ஒரு சமையலறையில் கூடுவது உள்ளூர்க்காரரோடு பழகுவதைவிடக் குறைந்த சாதனை ஆகாது. பிரியும்போது வலி அதிகமாக இருப்பதும் இந்தக் கூட்டத்தில்தான், ஏனென்றால் இவர்களைத் திரும்பிப் போய்ப் பார்க்க ஓர் ஊர் இல்லை. உள்ளூர் நண்பர் அதே ஊரில்தான் இருப்பார். குமிழியில் இருந்தவர்கள் பத்துத் திசைகளில் சிதறிவிடுகிறார்கள், பிறகு எல்லாரும் மீண்டும் ஒரே அறையில் கூடுவது ஏறக்குறைய நடக்கவே நடக்காது.

பிரிவு எப்படி நிகழ்கிறது என்று கிட்டே போய்ப் பார்த்தால் இன்னொன்று தெரியும். ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் பிப்ரவரி வரை நீள்கின்றன; அமெரிக்கக் கல்லூரிகளில் அடுத்த பருவம் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். அதனால் அமெரிக்க மாணவர் பேராசிரியரிடம் சொல்லி முன்கூட்டியே தேர்வெழுதிவிட்டு டிசம்பரிலேயே பெட்டி கட்டுகிறார். அடுத்தவர் தேர்வு முடிந்த மறுநாள் கிளம்புகிறார். ஓராண்டு தங்க வந்தவர்கள் பாதி நண்பர்களைக் குளிர்காலத்தில் வழியனுப்பிவிட்டு, அதே அறைகளுக்கு வரும் புதியவர்களை வசந்தத்தில் வரவேற்கிறார்கள். கோடையில் தாங்களும் போக வேண்டும். எல்லாரும் சேர்ந்து விடைபெறும் ஒரே நாள் என்று எதுவும் இல்லை, கூட்டம் ஒவ்வொருவராக உதிர்ந்துகொண்டே போகிறது. ஏற்பாடு எதுவும் இல்லாத இந்த இடத்தில் மாணவர்கள் தாங்களே சடங்குகளை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். எராஸ்மஸ் மாணவர்களிடையே பரவலான வழக்கம் கொடியில் எழுதி வாங்குவது: தங்கிய நாட்டின் கொடியையோ சொந்த நாட்டுக் கொடியையோ மேஜையில் விரித்து, அழியாத மார்க்கரால் ஒவ்வொருவரும் தன் மொழியில் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். ரோட்டரி இளைஞர் பரிமாற்றத்தில் போகும் பள்ளி மாணவர்கள் தங்கள் மேல்கோட்டில் மற்ற நாட்டு மாணவர்களோடு மாற்றிக்கொண்ட பின்களைக் குத்திக்கொண்டே போக, ஆண்டு முடியும்போது துணியே தெரியாத அளவுக்குக் கோட்டு கனத்துவிடுகிறது. ஜப்பானில் கனத்த சதுர அட்டையின் நடுவில் போகிறவரின் பெயரை எழுதி, வகுப்பில் உள்ள எல்லாரும் அதைச் சுற்றிக் கதிர்களைப் போல வாழ்த்து எழுதிக் கொடுப்பார்கள். பத்தாம் வகுப்பு முடியும்போது ஆட்டோகிராஃப் நோட்டை நீட்டிய தமிழ் வாசகருக்கு இது எதையும் விளக்கத் தேவையில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் இத்தனை நாடுகளின் இளையவர்கள் ஒரே மாதிரிச் சடங்கைக் கண்டுபிடித்துக்கொள்வதிலிருந்தே, அது அவர்களுக்கு எவ்வளவு அவசியப்படுகிறது என்பது விளங்கும்.

அந்த அவசியத்துக்கு ஆய்வுகளின் ஆதரவும் உண்டு. கேப்ரியேல் ஓட்டிங்கனும் சக ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட தொடர் ஆய்வுகள், வாழ்க்கையின் ஒரு கட்டம் எப்படி முடிகிறது என்பதை எடுத்துக்கொண்டன. செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டோம், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், பாக்கி எதுவும் இல்லை என்ற நிறைவோடு முடித்தவர்களுக்கு வருத்தம் குறைவாக இருந்தது, அடுத்த கட்டத்துக்குள் நுழைவதும் எளிதாக இருந்தது. அடுத்த கட்டத்துக்குள் நுழைவது எளிதாவதைத்தான் பரிமாற்ற மாணவர் விஷயத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் ஊர் திரும்புவதே அவர்களுக்கு இரண்டாவது சோதனை. அமெரிக்காவில் தங்கிய நார்வே நாட்டு ஃபுல்பிரைட் அறிஞர்களை ஆராய்ந்த லிஸ்கார்ட் 1955-இல், புது நாட்டில் மனநிலை முதலில் உயர்ந்து பின் இறங்கி மீண்டும் ஏறுகிறது என்றார். 1963-இல் கல்லஹார்ன் தம்பதியர், ஊர் திரும்பிய பிறகும் அதே இறக்கமும் ஏற்றமும் இன்னொரு முறை வருகின்றன என்று அந்தக் கோட்டை நீட்டிக் காட்டினார்கள். இரண்டாவது இறக்கத்தில் ஆறுதல் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. வெளிநாட்டில் தடுமாறும்போது புதிதாக வந்தவர் என்று எல்லாரும் அனுசரிப்பார்கள். சொந்த வீட்டில் முகம் வாடி உட்கார்ந்திருந்தால், நல்லபடியாகப் படித்துவிட்டு வந்தவருக்கு என்ன கவலை என்றுதான் கேட்பார்கள். யாரும் துக்கம் என்று ஒத்துக்கொள்ளாத இழப்புகளைப் பற்றி கென்னத் டோகா 1989-இலிருந்து எழுதிவந்தார். யாரும் சாகவில்லை, எந்த உறவும் முறியவில்லை, ஆனாலும் ஒரு முழு வாழ்க்கை கையைவிட்டுப் போயிருக்கிறது என்ற நிலை அந்த வகையில் அப்படியே பொருந்துகிறது.

கைப்பேசி இருக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் அதிகம். வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது, வீடியோவில் முகம் பார்க்கலாம், பிரிவே இல்லையே என்பார்கள். பள்ளி முடித்துக் கல்லூரிக்கும் வேலைக்கும் போன 30 பிரிட்டிஷ் இளைஞர்களைச் சாம் ராபர்ட்ஸும் ராபின் டன்பாரும் 18 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். தொடர்பு குறைந்ததும் நண்பர்களோடான நெருக்கம் சரசரவென்று சரிந்தது. குடும்ப உறவு அவ்வளவு சரியவில்லை. பெண்களின் நட்பு பேச்சால் ஓரளவு தாக்குப்பிடித்தது. ஆண்களின் நட்பைப் பேச்சு காப்பாற்றவில்லை. சேர்ந்து எதையாவது செய்தால்தான் அது நின்றது. பரிமாற்ற நட்பு பெரும்பாலும் சேர்ந்து செய்வதால் உருவானது: சேர்ந்து சமைத்தது, ரயிலைத் தவறவிட்டது, நூலகம் மூடும் வரை படித்தது. இவற்றில் எதையும் திரை வழியாகச் செய்ய முடியாது. வீடு திரும்பிய முதல் மாதம் குழுவில் புகைப்படங்கள் குவிகின்றன, மூன்றாம் மாதம் பண்டிகை வாழ்த்துகள் மட்டும் வருகின்றன, பிறகு குழு அடங்கிவிடுகிறது. பிரிவே இல்லை என்ற நம்பிக்கையில் விடைபெறாமல் வந்தவர்களுக்கு இந்த அடங்கல் நட்பின் தோல்வியாகத் தெரியும். முறையாக விடைபெற்றவர்களுக்கு அப்படித் தெரியாது. கைப்பேசியின் உண்மையான பயன் வேறொன்று. நீண்டகாலம் விட்டுப்போன தொடர்புகளை மீண்டும் தட்டி எழுப்பிய நிர்வாகிகளுக்கு, அன்றாடம் பழகுபவர்களிடம் கிடைத்ததைவிடப் பயனுள்ள ஆலோசனைகள் கிடைத்தன என்று டேனியல் லெவினும் சகாக்களும் 2011-இல் காட்டினார்கள். நட்பு உறங்கலாம், மனக்கசப்பில்லாமல் உறங்கப்போயிருந்தால் எழுப்புவது எளிது.

பழைய ஏற்பாடுகளில் நமக்குப் பாடம் இருக்கிறது. ஏ.எஃப்.எஸ். மாணவர்கள் ஓராண்டு முடிந்ததும் நேரே விமான நிலையத்துக்கு அனுப்பப்படவில்லை. அமெரிக்காவின் பல ஊர்களில் தனித்தனியாக வாழ்ந்தவர்கள் பேருந்துகளில் ஏறி, வழியெல்லாம் புதுப்புது வீடுகளில் தங்கி, நாட்டைக் குறுக்காகக் கடந்து வாஷிங்டனில் கூடினார்கள். 1960-களின் தொடக்க ஆண்டுகளில் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அவர்களைச் சந்தித்துப் பேசியவர் ஜான் கென்னடி. அதன்பின் கப்பல் பயணம். தங்கிய வீட்டாரிடம் ஒரு நாள், பேருந்துத் தோழர்களிடம் ஒரு நாள், கப்பலில் கூட வந்தவர்களிடம் துறைமுகத்தில் ஒரு நாள் என்று பிரிவு படிப்படியாக நடந்தது. ஒவ்வொரு படியிலும் அதே நிலையில் இருந்த இன்னொருவர் பக்கத்தில் இருந்தார். விமானம் அந்த நாட்களை ஓர் இரவாகச் சுருக்கிவிட்டது. இன்னும் கொடிய சுருக்கத்தை 2020 மார்ச்சில் பார்த்தோம். கொரோனாவால் ஃபுல்பிரைட் திட்டம் உலகெங்கும் நிறுத்திவைக்கப்பட்டு, அமெரிக்க மாணவர்கள் உடனே ஊர் திரும்பும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். எல்லைகள் மூடப்படும் முன் கிடைத்த விமானத்தைப் பிடிக்க ஓடியவர்களுக்குக் கட்டிப்பிடித்து விடைபெறவும் வழியில்லை.

எல்லாருடைய பிரிவும் ஒரே எடையுள்ளதும் இல்லை. எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். பார்சிலோனாவில் பிரியும் இத்தாலியரும் பெல்ஜியரும் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த மாதமே சந்திக்கலாம். அதே மேஜையில் இருந்த இந்திய மாணவரின் மாணவர் விசா படிப்போடு காலாவதியாகிவிடும். பிறகு ஒரு வாரம் போய்வர நேர்காணல் தேதி பிடித்து, 90 யூரோ கட்டணம் கட்டி, வங்கி இருப்பும் தங்குமிடமும் காட்ட வேண்டும். மறுத்தால் கட்டணம் திரும்பாது. ஃபுல்பிரைட்டில் அமெரிக்கா போனவர் சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டுகள் இருந்த பிறகுதான் அங்கே வேலை விசாவுக்கோ குடியேற்றத்துக்கோ விண்ணப்பிக்க முடியும். கற்றதை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்ற அந்த விதியின் நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் தொடங்கிய ஐ.ஐ.டி. மெட்ராஸிலிருந்து இன்றும் மாணவர்கள் ஒரு பருவம் ஜெர்மனிக்குப் போய்வருகிறார்கள். அங்கே கிடைத்த நண்பரை மறுபடி பார்ப்பது அவர்களுடைய விருப்பத்தை மட்டும் பொறுத்ததாக இல்லை. இவர்களுக்குக் கடைசி வாரம் உண்மையிலேயே கடைசியாகிவிடக்கூடும். அதனால் அதை முறையாகக் கழிக்க இவர்களுக்குத்தான் அதிக உரிமை.

போரிலும் பஞ்சத்திலும் குடும்பத்தை விட்டுப் பிரிந்தவர்கள் நிறைந்த உலகில், உதவித்தொகையில் படிக்கப் போனவர்களின் கண்ணீருக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்ற கேள்வி நியாயமானது. ஒப்பிட்டால் இது சிறிய துயரம்தான், ஒப்பிடவும் கூடாது. ஆனால் பொதுப்பணத்தில் நட்பை வளர்ப்பதாகச் சொல்லும் ஒரு திட்டம், வளர்ந்த நட்பை எப்படி முடித்துவைக்கிறது என்று கேட்பது அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்பதுதான். உணர்ச்சிக்கு வகுப்பெடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலையா என்பதற்கும் இதுவே பதில். வந்த முதல் வாரத்தில் ஊர் சுற்றிக்காட்டவும், மொழி பழக்கவும், கூட்டி உட்காரவைத்து அறிமுகம் செய்யவும் அதே பல்கலைக்கழகம் ஆள் வைத்திருக்கிறது. கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே, வெவ்வேறு கூட்டத்தார் பழகுவதால் காழ்ப்பு குறைய வேண்டுமானால் அந்தப் பழக்கத்துக்கு நிறுவனத்தின் ஆதரவு வேண்டும் என்று எழுதினார். அந்த ஆதரவு முதல் வாரத்தோடு நின்றுபோகக் காரணம் இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை. பருவத்தின் நடுவிலேயே, முதல் ஆள் கிளம்பும் முன், எல்லாரும் கூடும் ஒரு நாளை நாட்காட்டியில் குறிக்கலாம். பல நாடுகளுக்கு மாறிமாறிப் போகும் பிள்ளைகளோடு வேலை செய்த டேவிட் பொல்லாக் சொன்ன வழி எளியது: மனக்கசப்பு இருந்தால் தீர்த்துக்கொள், நன்றியை வாய்விட்டுச் சொல், மனிதர்களிடம் மட்டுமின்றி இடங்களிடமும் விடைபெறு, பிறகு போகும் இடத்தைப் பற்றி யோசி. கசப்பைத் தீர்ப்பதை அவர் முதலில் வைத்தது கவனிக்கத்தக்கது. பாத்திரம் கழுவாத சண்டைகூடத் தீராமல் பிரிந்தால் கடல் கடந்தும் கூடவே வரும். சொந்தக் கல்லூரிகளும் திரும்பி வந்தவர்களை ஒரு மாதம் கழித்து ஒருமுறை கூட்டிப் பேசவிட வேண்டும். பிரெஞ்சு-ஜெர்மன் ஏற்பாடான வால்டேர் திட்டத்தில் ஒரு மாணவர் மற்றவர் வீட்டில் ஆறு மாதமும், பின்பு அவர் இவர் வீட்டில் ஆறு மாதமும் வாழ்கிறார்கள். முதல் வீட்டில் வழியனுப்புவது அங்கே கடைசிப் பிரிவாக இருப்பதில்லை. தூர நாடுகளுக்கு அது கைகூடாது என்றாலும் விசாவில் செய்ய இடம் இருக்கிறது. இரண்டு குறுகியகால விசாக்களை முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டுக்குப் பலமுறை நுழையும் விசா தரலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2024 ஏப்ரலில் விதி வகுத்தது. சட்டப்படி தங்கிப் படித்து, குறித்த நாளில் ஊர் திரும்பிய மாணவரைவிட நம்பகமான விண்ணப்பதாரர் யார்? அவருக்கு அந்த இரண்டு ஆண்டு விசாவை முதல் விண்ணப்பத்திலேயே கொடுக்கலாம்.